நூதனசாலையும் இயலாமையும்: ஒரு சமூகவியல் நோக்கு

1. பிரச்சினையின் இயல்பு

நூதனசாலை என்பது ஒரு சமூகத்தின் கடந்தகாலம் பொதுச்சொத்தாக வைத்துப் பேணப்படும் இடம் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். மன்னரதும் பிரபுக்களதும் தனியறைகளிற் கிடந்த அரும்பொருள்கள் மக்கள் பார்வைக்கு வந்தமை முதலாளித்துவ யுகத்தின் முற்போக்கான விளைவுகளுள் ஒன்று என்பதனை நாம் மறுப்பதற்கில்லை. எனினும், ‘மக்கள் பார்வைக்கு’ என்னும் இத்தொடரில் வரும் ‘மக்கள்’ யாவர், ‘பார்வை’ எத்தகையது என்ற இரு வினாக்களும் எம்மிடையே போதிய அளவு எழுப்பப்படவில்லை. பார்க்க இயலாதவர், படியேற இயலாதவர், கேட்க இயலாதவர், எழுதப்பட்டிருப்பதை எளிதில் விளங்கிக்கொள்ள இயலாதவர் ஆகியோருக்கும் அப்பொதுச்சொத்தில் உரிமை உண்டா? உண்டெனின் அவ்வுரிமை நடைமுறையில் எவ்வடிவம் பெறவேண்டும்? இவ்வினாக்களை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயத்தில் எமக்கு ஆர்வம் ஏற்படுவதற்குக் காரணமாயிருந்த ஒரு சிறு சம்பவத்தை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன், பெயர் குறிப்பிடவேண்டாத ஒரு நூதனசாலைக்கு எமது மாணவர் குழுவொன்றுடன் சென்றிருந்தோம். குழுவில் விழிப்புலனற்ற மாணவர் ஒருவரும் இருந்தார். கற்சிலையொன்றின் முன் நின்று அதன் காலம், பாணி, முத்திரை என்பன பற்றி நாம் விளக்கிக்கொண்டிருந்தோம். அம்மாணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதின்ரை பின்பக்கம் என்ன மாதிரி, சேர்?” என்றார். எம்மால் விடை கூற முடியவில்லை. சிலை சுவரோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. பலமுறை அச்சிலையைக் ‘கண்டிருந்த’ எமக்கு அதன் பின்புறம் பற்றிய நினைவே இருக்கவில்லை. கையை நீட்டித் தடவிப் பார்த்தால் ஒரு கணத்திற் பெறத்தக்க விடை அது. ஆனால் முன்னால் ‘தொடாதீர்கள்’ என்ற பலகை இருந்தது. காவலர் அப்பலகையை மீற அனுமதிக்கவில்லை. அது அவரது கடமை. அம்மாணவர் அன்று நூதனசாலையிலிருந்து பெற்றுச் சென்றது எமது விரிவுரையை மட்டுமே. அதனை அவர் விரிவுரை மண்டபத்திலேயே பெற்றிருக்கலாம்.

2. தொடுகையின் வரலாறு

‘தொடாதீர்கள்’ என்னும் பலகை நூதனசாலையோடு கூடப்பிறந்தது என்றே பலரும் எண்ணுவர். வரலாறு வேறுவிதமாக உள்ளது. 1683 இல் ஒக்ஸ்போர்டில் திறக்கப்பட்ட அஷ்மோலியன் நூதனசாலையில், வந்தவர்கள் பொருள்களைக் கையில் எடுத்து, நிறை பார்த்து, புரட்டி நோக்குவது வழக்கமாக இருந்தது. ஒரு பொருளின் பாரத்தையும் வழுவழுப்பையும் அறியாது அதனை அறிந்ததாகக் கருதும் வழக்கம் அக்காலக் கல்விமான்களிடம் இருக்கவில்லை. 1710 இல் அங்குச் சென்ற ஜெர்மன் கல்விமான் உஃபென்பாக், கண்டவரெல்லாம் பொருள்களைக் கையாள்கின்றனர் என்றும், ஆறு பென்ஸ் கொடுத்தால் பெண்களும் உள்ளே விடப்படுகின்றனர் என்றும் குறைப்பட்டு எழுதினார். அவரது குறையின் இலக்கு தொடுகை மட்டுமன்று, தொடுபவர் யார் என்பதுமாகும் என்பது மனங்கொளத்தக்கது.

1753 இல் நிறுவப்பட்டு 1759 இல் திறக்கப்பட்ட பிரித்தானிய நூதனசாலையில் ஆரம்பத்தில் எழுத்துமூலம் விண்ணப்பித்து அனுமதிச் சீட்டுப் பெற்றே நுழைய முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் திரளாக வரத்தொடங்கிய காலத்திலேதான் கண்ணாடிப் பேழையும் கயிற்று வேலியும் காவலரும் நூதனசாலையின் பொது விதியாயினர். மக்களுக்குக் கதவு திறக்கப்பட்டபோது பொருளுக்கும் மக்களுக்கும் இடையே கண்ணாடி வந்தது. அமைதியாக வரிசையில் நடந்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணால் மட்டும் நோக்கும் பார்வையாளனை உருவாக்குதல் அந்நூற்றாண்டு நூதனசாலையின் கல்விப் பணியாகவும் ஒழுங்குப் பணியாகவும் இருந்தது. இதன் உடன்விளைவாக, கண்ணில்லாதவருக்கு நூதனசாலை மூடப்பட்டது. எவரும் அவ்வாறு தீர்மானிக்கவில்லை. ஆயினும் அவ்வாறே நிகழ்ந்தது.

இங்கு ஒருதலைப்பட்சமாக நின்றுவிடுதல் தவறாகும். கையின் வியர்வையிலுள்ள உப்பும் அமிலமும் உலோகத்தை அரிக்கும். எண்ணெய்ப்பசை பளிங்கினுள் ஊறும். பல்லாயிரம் கைகள் பட்டாற் கருங்கல்லும் தேயும். எதிர்காலச் சந்ததிக்காகப் பாதுகாத்தல் என்பது பொய்க் காரணமன்று. பாதுகாப்பும் அனுபவ உரிமையும் ஒன்றோடொன்று முரண்படுவன. அம்முரண்பாட்டை ஒரே பலகையால் தீர்த்துவிட்டதாக எண்ணியதே குறையாகும். எல்லாப் பொருள்களும் ஒரே அளவு நொய்மையானவை அல்ல; எல்லாத் தொடுகையும் ஒரே அளவு கேடு செய்வதும் அன்று.

ஈழத்தைப் பொறுத்தவரை, தேசாதிபதி வில்லியம் கிரகரியின் முயற்சியால் 1877 ஜனவரி முதலாந் திகதி திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை மேற்கூறிய பிந்திய மரபின் வாரிசாகும். இரு மாடிக் கட்டடம், பேழைக்குள் பொருள், பேழைக்கு வெளியே பார்வையாளன் என்னும் அமைப்பு முழுமையாக உருப்பெற்ற பின்னரே நூதனசாலை எமக்கு வந்துசேர்ந்தது.

3. குறையும் இயலாமையும்

இயலாமை பற்றிய எமது சிந்தனை நீண்டகாலமாக இரு பாதைகளிற் சென்றுள்ளது. ஒன்று வினைப்பயன் என்னும் விளக்கம். மற்றையது மருத்துவக் குறை என்னும் விளக்கம். முன்னது இரக்கத்தையும் பின்னது சிகிச்சையையும் விடையாகத் தந்தன. இரண்டும் காரணத்தைத் தனிமனித உடலுக்குள்ளேயே தேடின.

1970களில் இங்கிலாந்திலே இதற்கு மாறான ஒரு கருத்து, உடற்குறையுடையோரிடமிருந்தே தோன்றியது. போல் ஹண்ற், தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சிக்கு எதிராக நின்று சிறை சென்று பின்னர் இங்கிலாந்தை அடைந்த விக் பிங்கெல்ஸ்ரைன் முதலியோர் பங்குகொண்ட, பிரித்துவைத்தலுக்கு எதிரான உடற்குறையுடையோர் ஒன்றியம் 1976 இல் தனது அடிப்படைக் கோட்பாடுகளை வெளியிட்டது. உடலில் உள்ள குறை வேறு, இயலாமை வேறு. குறையுள்ளவர் மீது சமூகம் மேலதிகமாகச் சுமத்துவதே இயலாமை என்பது அதன் சாரம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கால் இயங்காமை உடற்குறை. கட்டடத்தினுள் நுழைய முடியாமை இயலாமை. முன்னதற்கு நரம்பும் தசையும் காரணம். பின்னதற்குப் படிக்கட்டும், அதனைத் திட்டமிட்டவரும், அதற்குப் பணம் ஒதுக்கியவரும் காரணம். சமூகவியலாளரான மைக்கல் ஒலிவர் 1983 இல் இதனைச் ‘சமூக மாதிரி’ எனப் பெயரிட்டு வளர்த்தார்.

இவர்களது ஆய்வில் வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தின் செல்வாக்குத் தெளிவானது. குடிசைக் கைத்தொழிலிலும் சிறு வேளாண்மையிலும் குறையுள்ளவர் தம்மால் இயன்ற வேகத்தில் உற்பத்தியிற் பங்குகொள்ள இடமிருந்தது. இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் சராசரி உழைப்பாளியைத் தொழிற்சாலை வேண்டிநின்றபோது, அச்சராசரிக்குப் புறம்பானவர் உழைப்புச் சந்தையிலிருந்து தள்ளப்பட்டனர். 1834 ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின் பின் வேலைவிடுதிகளிலும் பிற நிலையங்களிலும் அடைக்கப்பட்டனர். இது முந்திய காலத்தைப் பொற்காலமாக்கும் வாதமன்று. இயலாமையின் வடிவம் உற்பத்தி முறையோடும் தொடர்பாடல் முறையோடும் மாறுவது என்பதே இதன் பொருள்.

எமது இலக்கிய வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. பதினைந்தாம் நூற்றாண்டினராகக் கொள்ளப்படும் இரட்டையருள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். ஒருவர் தோளில் மற்றவர் அமர்ந்து ஊர் ஊராகச் சென்று பாடினர் என்பது மரபு. பதினேழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அந்தகக்கவி வீரராகவ முதலியார், தம் முதுகில் எழுத்துக்களை எழுதுவித்துக் கற்றார் என்றும், யாழ்ப்பாணத்துப் பரராசசேகரனைப் பாடிப் பரிசில் பெற்றார் என்றும் செய்திகள் வழங்குகின்றன. இவற்றுட் கதை எவ்வளவு, வரலாறு எவ்வளவு என்பது வேறு ஆய்வு. கேட்டும் மனனஞ் செய்தும் கற்ற ஒரு கல்வி மரபிலே பார்வையின்மை புலமைக்குத் தடையென்று கொள்ளப்படவில்லை என்பதே எமக்கு வேண்டியது. அச்சிட்ட நூலும் கண்ணாடிப் பேழையும் கல்வியின் தலைவாயில்களான பின்னரே அதே பார்வையின்மை வேறு பொருள் பெற்றது.

சமூகம் சுமத்தும் இயலாமை என்ற கருத்து எமது நாட்டுக்கு அந்நியமானதும் அன்று. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் தமிழிற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் என அறியப்பட்டது. அதன் ஆங்கிலத் தலைப்பில் உள்ள சொல் ‘டிசெபிலிற்றீஸ்’ என்பதாகும். சாதியைக் காரணமாகக் கொண்டு ஒருவர் மீது இன்னொருவர் சமூக இயலாமையைச் சுமத்துதல் குற்றம் என அது விதித்தது. கோயிலுக்குள் நுழைய முடியாமை, தேநீர்க் கடையில் அமர முடியாமை என்பன அம்மனிதரின் உடலிலோ பிறப்பிலோ உள்ள குறையல்ல, பிறர் சுமத்தியவை என்பதனை இந்நாட்டுச் சட்டம், பிரித்தானிய ஒன்றியத்தின் பிரகடனத்திற்குப் பத்தொன்பது ஆண்டுகள் முன்னரே சொல்லாட்சியளவில் ஏற்றுக்கொண்டிருந்தது. சட்டம் மட்டும் கதவைத் திறந்துவிடவில்லை என்பதையும் 1968 இல் மாவிட்டபுரம் எமக்குக் கற்பித்தது.

சாதி ஒடுக்குமுறையையும் உடற்குறையுடையோர் எதிர்கொள்ளும் விலக்கலையும் நாம் சமன்படுத்தவில்லை. முன்னதில் நேரடியான உழைப்புச் சுரண்டலும் திட்டமிட்ட இழிவுபடுத்தலும் உண்டு. ஆயினும் ஒன்று மற்றதை விளங்கிக்கொள்ள உதவுகிறது. சக்கர நாற்காலியில் வரும் ஒருவரைப் பொதுக் கட்டடங்கள் பலவற்றில் சரக்கு ஏற்றியிறக்கும் பின்வாசலால் அழைத்துச் செல்கின்றனர். அழைத்துச் செல்பவர் அன்போடேயே செய்கிறார். ஆனால் கொல்லைப்புறத்தால் வருமாறு பணிக்கப்படுவதன் பொருளை யாழ்ப்பாணச் சமூகத்திற் பிறந்த எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. முன்வாசல் என்பது வசதி பற்றிய விடயம் மட்டுமன்று.

4. நடைமுறை

இனி, செய்யத்தக்கவற்றை நோக்குவோம். முதலாவது, நுழைதல். பல நாடுகளின் கட்டட நியமங்கள் சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தை மேலெல்லையாகக் கொள்கின்றன. ஒரு மீற்றர் உயரத்தை ஏறப் பன்னிரண்டு மீற்றர் நீளம் வேண்டும். இடம் போதாது என்று இதனைச் செங்குத்தாக அமைத்துவிட்டு ‘சாய்தளம் உண்டு’ எனக் கணக்குக் காட்டுதல் ஏமாற்றாகும். அதில் ஏறுபவர் பின்னால் உருண்டு விழ நேரும். பேழைகளின் உயரம், அமர்ந்திருப்பவர் கண்மட்டத்துக்கும் எட்டவேண்டும். நீண்ட மண்டபங்களில் இடையிடையே இருக்கைகள் வேண்டும். முதியோரும் கர்ப்பிணிகளும் இதனாற் பயனடைவர்.

இரண்டாவது, அறிதல். ஏடு, துணி போன்றவற்றை ஏறத்தாழ 50 லக்ஸ் மங்கலொளியில் வைப்பது பாதுகாப்பு மரபு. குறைபார்வையுள்ளோருக்கு இவ்வொளி போதாது. பொருளின் மீது ஒளியைக் கூட்டாமலே, விளக்கக் குறிப்பைப் பெரிய எழுத்திலும் தெளிந்த வண்ண வேறுபாட்டிலும் தரலாம். கையிற் கொண்டுசெல்லத்தக்க பெருவெழுத்துப் பிரதிகளை வாசலிற் கொடுக்கலாம். பிரெயில் குறிப்பு அவசியம்; ஆனால் அது மட்டும் போதாது. பிற்காலத்திற் பார்வை இழந்தோர் பலர் பிரெயில் அறியாதவர். அவர்களுக்கு ஒலிவழி விளக்கம் வேண்டும். அதேபோல, பிறவியிலிருந்தே செவிப்புலனற்ற பலருக்குச் சைகைமொழியே முதல் மொழி. எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. ஆதலின் சுவரில் எழுதி வைத்திருக்கிறோமே என்பது அவர்களுக்கு முழுமையான விடையாகாது. எளிய வாக்கியங்களில் எழுதப்பட்ட குறிப்பு அறிவாற்றற் குறையுடையோருக்கு மட்டுமன்றி, கல்வெட்டாய்வாளரின் கலைச்சொற்களுக்கு முன் மலைத்து நிற்கும் ஏனைய எல்லாருக்கும் உதவும்.

மூன்றாவது, தொடுதல். இதற்கு முன்னோடி உண்டு. கப்பல் கட்டும் தொழிலுக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் பெயர்பெற்ற சண்டர்லாந்து நகரின் நூதனசாலையிலே, முதலாம் உலகப் போருக்கு முற்பட்ட ஆண்டுகளில், சார்ள்ரன் டீஸ் என்னும் பொறுப்பாளர் பார்வையற்ற சிறுவரையும் வளர்ந்தோரையும் அழைத்து, பாடஞ்செய்த விலங்குகளையும் எலும்புக்கூட்டையும் பிற பொருள்களையும் கையால் ஆராயச் செய்தார். சிறுவர்கள் தாம் தடவி அறிந்தவற்றைக் களிமண்ணில் வனைந்து காட்டினர். 1913 இல் அவர் தமது அனுபவத்தைக் கட்டுரையாக நூதனசாலையாளர் முன் வைத்தார். இத்தாலியின் அங்கோனா நகரில், பார்வையற்ற தம்பதியரின் முயற்சியால் 1993 இல் உருவான ஒமேரோ நூதனசாலை, மேனாட்டுச் சிற்பக்கலையின் பெரும்படைப்புகளின் முழு அளவுப் பிரதிகளைக் கைகளுக்கென்றே காட்சிப்படுத்துகிறது. புதுதில்லித் தேசிய நூதனசாலையில் 2015 இல் ‘அனுபவ்’ என்னும் தொடுகைக் கூடம் திறக்கப்பட்டது.

தொடுகை முழுமையான அறிவைத் தராது என்று வாதிப்போர் யானையைத் தடவிய குருடர் கதையைச் சான்று காட்டுவர். பாளி மொழியிலுள்ள உதானத்திலும் இடம்பெறும் இக்கதை எம்மிடையே பழமொழியாகவே நிலைத்துவிட்டது. கதையைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்று புலப்படும். அக்குருடர் ஒவ்வொருவருக்கும் யானையின் ஒவ்வோர் உறுப்பே காட்டப்பட்டது. யானையைச் சுற்றிவர அவர்களுக்கு வழியும் நேரமும் தரப்படவில்லை. தவறு தொடுகையினது அன்று, காட்டிய முறையினது. கண் முழுமையிலிருந்து பகுதிக்குச் செல்கிறது. கை பகுதிகளைத் தொடுத்து முழுமையை ஆக்குகிறது. ஆகவே முதலில் முழு வடிவத்தின் சிறு மாதிரியும், பின்னர் நுண்பகுதிகளும், இவற்றினூடு வழிநடத்தும் விளக்கமும், வேண்டிய நேரமும் தரப்படவேண்டும். சுவரோடு ஒட்டிய சிலையை ஒரு திசையிலிருந்து நோக்கிவிட்டு அகன்ற எமது நிலை அக்கதையின் மாந்தரது நிலையினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று.

பிரதியைத் தொடுதல் உண்மையான அனுபவமா என்ற ஐயம் எழலாம். கிழக்குக் கரையிலே திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கண்டெடுக்கப்பட்டதும், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுவதுமான பொன்முலாமிட்ட தாரா படிமத்தைப் பிரவுண்றிக் தேசாதிபதி கொண்டுசென்றார். 1830 இல் அது பிரித்தானிய நூதனசாலைக்கு வழங்கப்பட்டது. கொழும்பிற் காட்சிக்கு வைக்கப்பட்டது அதன் பிரதியே. ஏகாதிபத்தியத்தின் விளைவாக, கண்ணுள்ள நாமும் தாராவைப் பிரதியிலேயே அறிந்துகொள்கிறோம். பிரதியைக் கண்ணால் நோக்குதல் அறிவு என்றால், பிரதியைக் கையால் உணர்தலும் அறிவே. இதேபோல, 1911 இல் காலியிற் கண்டெடுக்கப்பட்ட, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிக் கல்வெட்டின் அச்சுவார்ப்பு ஒன்றைக் கைகளுக்கு வழங்குதல் கடினமன்று. கல்வெட்டு இயல்பிலேயே விரலுக்குப் புலனாகும் எழுத்து. தேய்ந்த எழுத்தை வாசிக்கக் கல்வெட்டாய்வாளரும் விரலையே துணைக்கொள்வர்.

5. சட்டமும் அதற்கு அப்பாலும்

இலங்கையில் சட்டம் இல்லை எனக் கூறமுடியாது. இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் நிறைவேறியது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006 இல் வர்த்தமானியில் வெளியாயின. அவை நடைமுறையில் மதிக்கப்படாமையால், சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கலாநிதி அஜித் பெரேரா 2009 இல் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2011 ஏப்ரல் 27 இல் உயர் நீதிமன்றம் அவ்விதிகளைக் கைக்கொள்ளுமாறு பணித்தது. ஐக்கிய நாடுகளின் இயலாமையுடையோர் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. அதன் 30 ஆம் உறுப்புரை நூதனசாலைகளையும் நினைவுச்சின்னங்களையும் அணுகும் உரிமையை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. ஆயினும் விதி எழுதப்படுவதும் அது கட்டடமாவதும் வேறு வேறு நிகழ்வுகள். இடைப்பட்ட தூரத்தைக் கடப்பிப்பது அமைப்பாகத் திரண்ட மக்களின் அழுத்தமேயாகும்.

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவருமானோருள் 8.7 சதவீதத்தினர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதேனும் ஒருவகைச் செயற்பாட்டுச் சிரமம் உடையவர்கள். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர் வடக்கிலும் கிழக்கிலும், தெற்கிலிருந்து படைக்குச் சென்ற வறிய கிராமத்து இளைஞரிடையேயும், எத்தனையோ பேரின் காலையும் கையையும் கண்ணையும் பறித்தது. அப்போரின் வரலாறும் நூதனசாலைப் பொருளாகும் காலம் வரும். தமது உடலிலேயே அவ்வரலாற்றைச் சுமப்பவர்கள் அதன் வாசற்படியில் நின்றுவிட, மற்றவர்கள் உள்ளே சென்று அதனைக் கண்டு வருவது எவ்வகை வரலாறாகும்?

முற்போக்காளராகிய எமக்கும் இங்குச் சுயவிமர்சனம் வேண்டும். திரண்ட தோளும் உயர்த்திய முட்டியும் கொண்ட உழைப்பாளியையே நாம் எமது சுவரொட்டிகளில் வரைந்து வந்துள்ளோம். குருடு, முடம், ஊமை என்பவற்றை எமது கவிதைகளிலும் கதைகளிலும் அறியாமைக்கும் அடிமைத்தனத்துக்கும் குறியீடுகளாகக் கையாண்டு வந்துள்ளோம். இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுப்பவனே மனிதன் என்ற முதலாளித்துவ அளவுகோலை இவ்விடத்தில் நாமும் கேள்வியின்றி ஏற்றிருந்தோம். ஒவ்வொருவரிடமிருந்தும் அவரவர் ஆற்றலுக்கேற்ப, ஒவ்வொருவருக்கும் அவரவர் தேவைக்கேற்ப என்ற கோட்பாட்டின் முழுப்பொருளை உணர்ந்தவர்கள் இவ்விடயத்தைப் பரோபகாரத்தின் எல்லைக்குள் விட்டுவைக்க இயலாது.

ஆகவே, நூதனசாலைகள் செய்யவேண்டிய முதற்பணி சாய்தளம் கட்டுவதன்று. அதனை எங்கே, எவ்வாறு கட்டுவது என்று தீர்மானிக்கும் மேசையில் அதனைப் பயன்படுத்துவோரை அமர்த்துவதாகும். கைதடி நவீல்ட் பாடசாலையினதும் இரத்மலானைப் பாடசாலையினதும் ஆசிரியரும் பழைய மாணவரும் இதற்கு வேண்டிய அனுபவம் உடையவர்கள். பல்கலைக்கழகங்களின் வரலாற்று, தொல்லியற் துறைகளும் தமது சிறு சேகரிப்புகளிலிருந்தே தொடங்கலாம். அகழ்வாய்விற் குவியலாகக் கிடைக்கும் மட்பாண்ட ஓடுகளிற் சிலவற்றைக் கைகளுக்கென ஒதுக்கப் பெரும் நிதி வேண்டியதில்லை. ஒரு மட்கலத்தின் உட்புறத்தில், வனைந்தவரின் விரல் இட்ட வரிகள் சுழன்று செல்வதைக் கண்ணைவிட விரலே விரைந்து அறியும். பெயரறியப்படாத அவ்வுழைப்பாளியின் கையை இன்றைய கையொன்று உணர்வதற்கு வழிசெய்தல் நூதனசாலையின் பணிக்குப் புறம்பானதன்று. எமது மாணவர் கேட்ட வினாவுக்கு நாம் இன்னும் விடை கூறவில்லை. அவரே அச்சிலையைச் சுற்றிவந்து விடையைக் கண்டு எமக்குக் கூறத்தக்க நிலையை ஏற்படுத்துவதே அதற்கான முறையான விடையாகும்.